கறுப்பு மூட்டுகள்

பழைய சைக்கிளொன்றைக் காட்டி, "இது என்ன மொடல், எத்தனையாம் ஆண்டு?" என்று கேட்பவர்கள் ஒரு பெயரையும் ஓர் எண்ணையும்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் சில காலம் ஓடிய எந்த வண்டிக்கும் ஒரே வயது இருப்பதில்லை. சட்டத்துக்கு ஒரு வயது, சில்லுக்கு இன்னொன்று, சீற்றுக்கு வேறொன்று. வண்டியோடு பிறந்தவை எவை, பிறகு வந்து சேர்ந்தவை எவை என்று பிரித்தெடுப்பதுதான் உண்மையில் அதன் வயதைச் சொல்வது.

இந்தப் பாடத்தை நான் கலாசாலையில் படிக்கவில்லை. எங்களூர்ச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த என் மாமாவிடம் படித்தேன். பாடசாலை விட்டதும் புத்தகப் பையை வீட்டில் எறிந்துவிட்டு அங்கேதான் போய்க் குந்துவேன். றலி, ஹம்பர், றட்ஜ் என்று இங்கிலாந்து வண்டிகள் அப்போதும் ஊரில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் சிலவற்றின் பின்சில்லில் மூன்று கியர் உள்ள ஸ்டேர்மி ஆச்சர் குடம் இருக்கும். மாமா மண்ணெண்ணெய் நனைத்த சீலையால் குடத்தின் கிறீஸைத் துடைத்துவிட்டு, "என்ன எழுதியிருக்கு, வாசி" என்பார். இரண்டு சின்ன எண்கள் பொறித்திருக்கும். 62 என்றும் 7 என்றும் இருந்தால் 1962ஆம் ஆண்டு ஜூலையில் செய்த குடம். வண்டிக்காரர் உடனே, "அப்ப சைக்கிள் அறுபத்திரண்டு" என்று மகிழ்ந்துபோவார். மாமா தலையை ஆட்டமாட்டார். "குடம் சொல்றது குடத்துட வயச. வண்டிட வயச வண்டிக்கிட்டத்தான் கேக்கணும்" என்பார்.

கலாசாலை விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவர், சில வருடம் படிப்பித்துவிட்டு வேலையை விட்டுப் பிரான்சுக்குப் போனார். பாரிஸுக்கு வடக்கே சென் டெனியில் இருக்கிறார். சென்ற வருடம் ஒருநாள் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் பதினான்கு படங்கள் வந்தன. பின்னால் அவருடைய குரலும் வந்தது. "மச்சான், நீ சைக்கிள்காரன்ட மருமகன். இத வடிவாப் பாத்துச் சொல்லு. இதால ஒரு வீட்டுல பெரிய மனவருத்தம்."

வெள்ளைச் சட்டம். குழாய்கள் வந்து சேரும் மூட்டுகள் மட்டும் கறுப்பு. வளைந்த ஹாண்டில், பத்து கியர். நண்பர் குடியிருக்கும் அதே கட்டடத்தில் காரைக்காலைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் காலமானதும், கட்டடத்தின் நிலக்கீழ் அறையை ஒதுக்கும்போது இந்த வண்டி வெளியே வந்திருக்கிறது.

காரைக்காலும் பாண்டிச்சேரியும் 1954 நவம்பரிலேயே இந்திய நிர்வாகத்துக்குள் வந்துவிட்டன. ஆயினும் சட்டப்படியான கைமாற்றம் 1962 ஓகஸ்டிலேதான் நடந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அதைத் தெரிவிக்கத் தவணை கொடுக்கப்பட்டது. அப்படித் தெரிவித்த குடும்பங்களில் ஒன்று இது. பெரியவர் 1971இல் தனியாகப் பாரிஸுக்கு வந்து, தொழிலாளர் விடுதியொன்றில் தங்கி, தொழிற்சாலையொன்றில் வேலை செய்தார். மனைவியும் மூத்த மகனும் காரைக்காலிலேயே இருந்தார்கள். 1979இல்தான் அவர்களை அழைத்துக்கொண்டார். அப்போது மகனுக்கு ஒன்பது வயது. மகள் பிரான்சில் பிறந்தவர்.

அந்த மகனுக்குத்தான் மனவருத்தம். படத்தைப் பார்த்த யாரோ ஒருவர், "வெள்ளைச் சட்டம், கறுப்பு மூட்டு என்றால் பேஜோவின் பி.எக்ஸ்.10; அந்தக் காலத்துச் சாம்பியன்கள் ஓட்டிய வண்டி, விலை கூடியது" என்று சொல்லியிருக்கிறார். மகன் என் நண்பரிடம் கொட்டித் தீர்த்திருக்கிறார்: "நாங்க காரைக்கால்ல மணியார்டருக்குக் காத்துக்கிட்டுக் கெடந்தப்ப, வாப்பா இங்க ரேஸ் சைக்கிள் வாங்கி ஓட்டியிருக்காங்க." தாயார் ஒன்றும் பேசவில்லையாம். மகள் அழுதாராம்.

எனக்கு இது தூரத்துக் கதையாகப் படவில்லை. என் வகுப்பிலே ஏழு பிள்ளைகளின் தாயோ தந்தையோ கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். வந்த பார்சலை வைத்தும் வராத பார்சலை வைத்தும் அந்தப் பிள்ளைகள் போடும் கணக்கை நான் தினமும் பார்க்கிறேன். ஆகையால் சும்மா ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. நண்பரிடம் இன்னும் சில படங்களையும் சில அளவுகளையும் கேட்டேன்.

முதலில் யார் செய்தது என்பது. அதில் சிரமமில்லை. ஹாண்டிலுக்குக் கீழே முன்குழாயில் சிங்கச் சின்னம் இருந்தது. எங்களூரில் வயதானவர்களுக்கு பேஜோ என்றால் 404, 504 கார்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் குடும்பத்தார் காருக்கு முன்பே வாளலகும் கோப்பி அரைக்கும் ஆலையும் செய்தவர்கள். 1882இல் சைக்கிளில் இறங்கியவர்கள். வாளின் பல்லைப் போல உறுதி என்று காட்டவே அந்தச் சிங்கம் பிறந்தது.

அடுத்தது எந்த மொடல் என்பது. பி.எக்ஸ்.10 என்பது பேஜோ கடைக்கு அனுப்பிய பந்தய வண்டிகளில் உச்சியில் நின்றது. அதன் சட்டம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் றெனோல்ட்ஸ் நிறுவனம் செய்த 531 என்ற உருக்குக் குழாய்களால் ஆனது. 1935இல் சந்தைக்கு வந்த அந்தக் குழாய் சுவர் மெல்லியது, ஆனால் வலுவானது. 531 என்று எழுதிய ஒட்டுப்படம் சட்டத்தில் இருக்கும். காலத்தால் அது உரிந்துபோயிருக்கலாம். ஆகையால் ஒட்டுப்படம் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உரிந்துபோகாத சாட்சி வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. சீற்றைத் தாங்கும் தண்டை வெளியே இழுத்து அதன் விட்டத்தை அளப்பது. பிரெஞ்சுச் சட்டங்களில் சீற் குழாயின் வெளிவிட்டம் பொதுவாக 28 மில்லிமீற்றர். சுவர் மெல்லியதாக இருந்தால் உள்ளே இடம் கூட. தண்டும் தடிப்பாக இருக்கும். பி.எக்ஸ்.10இன் தண்டு 26.4 மில்லிமீற்றர். சாதாரண உருக்கு என்றால் சுவர் தடிப்பு, உள்ளே இடம் குறைவு, தண்டு மெலிவு. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வேணியர் இடுக்குமானியைக் காட்டி, "இது எதுக்கு சேர்?" என்ற கேள்விக்கு முகங்கொடுத்த எனக்கு, அந்தக் கருவியைக் கடன்வாங்கி அளக்கும்படி நண்பருக்குச் சொன்னபோது உள்ளூர ஒரு சந்தோசம். மறுநாள் விடை வந்தது. சரியாக 24.

பிறகு நிறுவை. வண்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறு, பிறகு வண்டி இல்லாமல் ஏறு, கழி என்றேன். பதின்மூன்று கிலோவுக்குக் கிட்ட வந்தது. பி.எக்ஸ்.10 என்றால் பத்து கிலோ அளவில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பெடல் பூட்டும் கிறாங். பி.எக்ஸ்.10இல் அது ஸ்ரோங்லைட் நிறுவனத்தின் அலுமினியக் கிறாங். அச்சின் சதுர முனையில் போல்ட் போட்டு இறுக்கியது. இந்த வண்டியின் படத்தில் நான் கண்டது எங்கள் ஊர் றலியில் உள்ள அதே உருக்குக் கிறாங்கும், பக்கவாட்டில் அடித்திறுக்கிய அதே கொட்டர் பின்னும். என் சின்ன வயதில் எத்தனை கொட்டர் பின்களை மாமாவின் சுத்தியலால் தட்டிக் கழற்றியிருப்பேன்! ஒரேயொரு வேறுபாடு: றலியின் பின் 9.5 மில்லிமீற்றர், பிரெஞ்சுக்காரனுடையது பெரும்பாலும் 9. றிம்மும் குரோம் பூசிய உருக்கு. பந்தயக்காரன் உருக்கு றிம்மில் ஓடமாட்டான்.

ஆக, இது பி.எக்ஸ்.10 அல்ல. யூ.ஓ.8 என்ற பெயரில் அறியப்பட்ட நடுத்தர வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் கிளம்பியபோது கப்பல் கப்பலாகப் போன வகை. வேலைக்குப் போகிறவனும் மாணவனும் வாங்கிய வண்டி. நல்ல வண்டிதான், ஆனால் சாம்பியனுடையதல்ல.

இனி வயது. இங்கே இரண்டு வேலிகளை நட்டு, வண்டியை நடுவில் மடக்க வேண்டும். முன் கியர் மாற்றி சிம்ப்ளெக்ஸ் பிரெஸ்டீஜ். டிஜோன் நகரில் லூசியன் ஜுயி தொடங்கிய சிம்ப்ளெக்ஸ் நிறுவனம், உலோகம் இருந்த இடத்தில் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கைப் போட்டுச் செய்தது அது. டெல்ரின் சந்தைக்கு வந்ததே 1960இல்தான். ஆகவே வண்டி அதற்கு முந்தியதல்ல. இது ஒரு வேலி.

மறுவேலி புரியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் நீண்டகாலம் தமக்கென்று தனி அளவு வைத்திருந்தார்கள். பெடல் அச்சு 14 மில்லிமீற்றர். மற்றவர்களுடையது ஒன்பதின்கீழ் பதினாறு அங்குலம், அதாவது 14.3க்குக் கிட்ட. இந்தச் சிறிய வித்தியாசத்தால் இன்றைய பெடல் பழைய பிரெஞ்சுக் கிறாங்கில் ஏறாது. கிறாங் அச்சுக் கிண்ணத்திலும் ஒரு விசேஷம். எங்கள் றலியிலும் பொதுவான இங்கிலாந்து வண்டிகளிலும் வலது கிண்ணம் இடம்புரி. பிரெஞ்சு வண்டியில் இரண்டு பக்கமும் வலம்புரி. நண்பர் பக்கத்துச் சைக்கிள் கடையில் கொடுத்துத் திறந்து பார்க்கச் செய்தார். வலது கிண்ணம் சாதாரணப் புரியாகவே கழன்றது. 1970களின் முடிவுக்குப் பிறகு பேஜோ இந்தப் புரியைக் கைவிட்டு, முதலில் சுவிஸ் அளவுக்கும் பிறகு இங்கிலாந்து அளவுக்கும் மாறியது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்து 2008இல் காலமான ஷெல்டன் பிரவுன், இந்த அளவுகளையெல்லாம் பொறுமையாக எழுதிவைத்துவிட்டுப் போனார். உலகெங்கும் பழைய பிரெஞ்சு வண்டி வைத்திருப்பவர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

வேலிகளுக்கு நடுவே இன்னும் இருபது வருட அகலம் இருந்தது. "குடத்தைத் துடைத்துப் படம் எடு" என்றேன். இரண்டு சில்லுகளிலும் நோர்மண்டி குடம், மையார் நிறுவனத்தின் உற்பத்தி. முன்குடத்திலும் பின்குடத்திலும் ஆண்டைக் காட்டும் எண் 72 என்றே இருந்தது. ஒன்றில் மட்டும் இருந்திருந்தால் மாமாவின் விதிப்படி நான் வாய்திறந்திருக்கமாட்டேன். இரண்டும் ஒரே எண், இரண்டு றிம்மும் ஒரே வகை, கம்பிகளும் ஒரே மாதிரி. பிறகு மாற்றிய சில்லுகள் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பது அரிது. ஆகவே 1972இன் இறுதி அல்லது 1973 என்று முடிவுகட்டினேன்.

பின் கியர் மாற்றி மட்டும் வேறு கதை சொன்னது. அது ஜப்பானின் சன்டூர். அதன் முதுகில் யூ, சி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். யூ என்றால் 1978, சி என்றால் மார்ச். சிம்ப்ளெக்ஸின் பிளாஸ்டிக் காலப்போக்கில் வெடிப்பது தெரிந்த விடயம். பழையது வெடித்ததும் இது வந்திருக்கிறது. ஐந்தாறு வருடம் ஓடி ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது என்றால், அந்த வண்டி சுவரில் சாத்திவைத்த அலங்காரமாக இருக்கவில்லை என்று பொருள்.

இனிக் கறுப்பு மூட்டு. பி.எக்ஸ்.10 அல்லாத வண்டிக்கு பி.எக்ஸ்.10இன் கறுப்பு எப்படி வந்தது? படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் அடித்த கோடு மூட்டின் விளிம்போடு நிற்கும். இங்கே கறுப்பு சில இடங்களில் விளிம்பைத் தாண்டி வெள்ளையில் வழிந்திருந்தது. ஓரிடத்தில் தூரிகையின் மயிர் ஒன்றே ஒட்டிக் காய்ந்திருந்தது. பழைய கீறலொன்றின் மேலாலும் கறுப்பு போயிருந்தது. இது கையால் பூசியது. வண்டி கொஞ்சம் ஓடிய பிறகு பூசியது.

யார் பூசியது? அதற்கும் வண்டியே விடை வைத்திருந்தது. சைக்கிளில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் பொறித்த உலோகத் தகடு இருக்க வேண்டும் என்று பிரான்சின் வீதிச் சட்டம் ஒருகாலத்தில் கேட்டது. எங்கள் ஊர்களில் உள்ளூராட்சி மன்றத்துக்கு வரி கட்டிச் சைக்கிளுக்கு அனுமதி எடுத்த காலத்தை மூத்த வாசகர்கள் நினைத்துப் பார்க்கலாம். இந்த வண்டியிலும் மேற்குழாயின் முன்முனையில், மூட்டோடு ஒட்டினாற்போல், ஒரு பட்டியில் சிறிய பித்தளைத் தகடு இருந்தது. அழுக்கு மூடி எழுத்து தெரியவில்லை. மெதுவாகத் துடைக்கச் சொன்னேன். பெரியவருடைய பெயர். அதன்கீழ் அந்தத் தொழிலாளர் விடுதியின் முகவரி.

தாயார் அந்த முகவரியைக் கண்டதும் வாசித்துவிட்டாராம். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. ஆனால் எட்டு வருடம் கடித உறையில் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். ஒவ்வொரு எழுத்தையும் கையில் வைத்திருந்திருக்கிறார்.

பட்டியைக் கழற்றி அடியில் ஒரு படம் எடுக்கும்படி கேட்டேன். பட்டி மூட்டின் ஓரத்தை விரலகலம் மறைத்திருந்தது. அந்த விரலகலத்தில் மட்டும் கறுப்பு இல்லை. கடையிலிருந்து வந்த வெள்ளை அப்படியே இருந்தது. தகட்டைப் பூட்டிய பிறகுதான் கறுப்பு பூசப்பட்டது. அதாவது, அது அவருடைய வண்டியாக இருந்தபோது.

அந்தக் காலத்தில் பேஜோ அணியின் சட்டையும் வெள்ளையில் கறுப்புக் கட்டம் போட்டது. 1975இல் அந்தச் சட்டையோடு பெர்னார் தெவ்னே, எடி மேர்க்ஸை வென்று டூர் டி பிரான்ஸ் பட்டம் எடுத்தார். பந்தயம் முதன்முதலாகப் பாரிஸின் ஷான்ஸ் எலிசே வீதியில் முடிந்த வருடமும் அதுதான். வாப்பா ஒவ்வொரு ஜூலையும் தொலைக்காட்சியில் அந்தப் பந்தயத்தைத் தவறாமல் பார்ப்பார் என்று மகள் சொன்னார். சாம்பியனின் வண்டியைப் பெரியவர் விரும்பியிருக்கிறார். வாங்கியது தன் கூலிக்கு ஏற்றதை. மிச்சத்தை ஒரு சின்னப் பேணிக் கறுப்புப் பெயின்றால் நிரப்பியிருக்கிறார்.

நான் கண்டதையெல்லாம் எழுதி அனுப்பினேன். ஒன்றைச் சேர்ப்பதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மேற்குழாயின் நடுவில் வெள்ளை நிறம் இரண்டு வளையமாகத் தேய்ந்திருந்தது. ஏதோ ஒன்று நெடுநாள் அங்கே இறுக்கிக் கட்டப்பட்டிருந்த அடையாளம். கண்டதைச் சொல்வதென்று இறங்கிய பிறகு இதை மட்டும் மறைப்பது முறையல்ல என்று அதையும் எழுதினேன். மகள் உடனே சொன்னாராம்: "அதுல எனக்கு ஒரு சின்ன சீட் இருந்துச்சு. வாப்பா என்னை ஸ்கூலுக்கு அதுலதான் கூட்டிட்டுப் போவாங்க."

மூத்தவருக்கு அப்படி ஒரு சீற் இருந்ததில்லை. அந்த வயதில் அவர் காரைக்காலில் இருந்தார். இதைக் கேட்டு அவர் நெடுநேரம் பேசாமல் இருந்ததாக நண்பர் சொன்னார். ஒரு வண்டியின் மொடலும் ஆண்டும் அந்த எட்டு வருடத்தைத் திருப்பிக் கொடுக்காது. பணம் எங்கே போனது என்ற ஒரு கேள்வியை மட்டும்தான் அது தீர்த்துவைத்தது. மற்றது அவருக்கும் அவருடைய வாப்பாவுக்கும் இடையில் உள்ளது. அதில் எனக்கு அளவுகோல் கிடையாது.

இரண்டு கிழமை கழித்து நண்பர் மீண்டும் பேசினார். வண்டியை விற்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் யாரோ ஒருவர், மூட்டுகளில் உள்ள கறுப்பைச் சுரண்டி எடுத்துத் தொழிற்சாலையில் இருந்த மாதிரியே வெள்ளையாக்கினால்தான் மதிப்பு என்று சொல்கிறாராம். என்ன செய்வது என்று மூத்தவரே என்னிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

செயினை மாற்றச் சொல்லுங்கள், பிறேக் ரப்பரை மாற்றச் சொல்லுங்கள் என்றேன். பெடல் வாங்குவதென்றால் 14 மில்லிமீற்றர் என்று கேட்டு வாங்க வேண்டும். டி எழுத்து வலப்பக்கம், ஜி எழுத்து இடப்பக்கம். இடப்பக்கத்துப் புரி எதிர்த்திசை. பித்தளைத் தகட்டை அதே இடத்தில் பூட்டட்டும். கறுப்பில் மட்டும் யாரும் கைவைக்க வேண்டாம். அந்த வண்டியில் அவர் தன் கையால் செய்த வேலை அது ஒன்றுதான்.